பார்லி வைனும் அம்பலம் சேரின்ர மூக்கும்

முதல்லயே ஒண்டைச் சொல்லிப்போடுறன். நான் குடிகாரி இல்லை. முல்லைத்தீவில எங்கட கோயிலடியில இப்பவும் சில பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கு. வருசக்கணக்காப் பியர் குடிச்சுச் சம்பளம் வாங்கினவளை வேற என்னெண்டு நினைப்பினம்? என்ர மனுசன் கடலுக்குப் போறவர். பின்னேரத்தில ஒரு போத்தல் கள்ளுக்கு என்னட்டைக் கெஞ்சுற ஆள். "நான் காசு குடுத்துக் குடிக்கிறன், இவள் காசு வாங்கிக் குடிக்கிறாள், எங்களில ஆர் புத்திசாலி?" எண்டு ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிஞ்சார்.

போன வருசம் நான் இளைப்பாறிட்டன். மாங்குளத்தில நான் இருந்த அந்தப் பியர்க் கொம்பனியில இப்ப சுவை பாக்கிற பிள்ளையள் போனிலதான் புள்ளி போடுகினம். எல்லாற்ற புள்ளியையும் போன் தானே கூட்டிப் பிரிச்சு முடிவைச் சொல்லும். ஒராள் மற்ற எல்லாருக்கும் மாறாப் போட்டால் அந்தப் புள்ளியைத் தானே தள்ளியும் விட்டிடும். அங்கையுள்ள ஒரு பிள்ளை போன மாதம் எனக்குப் போன் எடுத்து, "அக்கா, அது சரியோ?" எண்டு கேட்டவா. சரியோ பிழையோ எண்டு ஒரு வசனத்தில சொல்லேலாது பிள்ளை, எழுதித் தாறன் எண்டு சொன்னன். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாத ஆள் நான். இப்ப இருந்து எழுதுறன்.

தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். பார்லி வைன் எண்டு பேர்தான் வைன், ஆனால் அது பியர். முளைக்கவிட்டு வறுத்த பார்லியைக் கனக்கப் போட்டு, தண்ணியைக் குறைச்சு, நல்ல தடிப்பாக் காய்ச்சி வடிக்கிறது. வைன் அளவுக்கு வெறி ஏத்தும், அதாலதான் அந்தப் பேர். வடிச்ச உடன குடிச்சால் நெஞ்சு எரியும், நாக்குக் கசக்கும், மனுசர் குடிக்கேலாது. போத்தலில அடைச்சுக் குளிரான இருட்டறையில வருசக்கணக்கா விடவேணும். கசப்பு மெல்ல இறங்கும். எரிவு ஆறும். பிறகு முந்திரிகை வத்தல், பேரீச்சம்பழம், பனங்களியைக் காயவைச்ச பாணிப் பினாட்டு எண்டு ஒவ்வொண்டா மணக்கத் தொடங்கும். இதில கெட்டித்தனம் என்னெண்டால், எப்ப திறக்கிறது எண்டு தெரியிறதுதான். முந்தித் திறந்தால் முரடு. பிந்தித் திறந்தால் பிணம். அந்த நேரத்தைச் சொல்லுறது எங்கட மூக்கு.

நான் இதைப் படிச்சு வந்தவள் இல்லை. முதலில கள்ளுப் போத்தலில அடைக்கிற ஒரு கூட்டுறவுச் சங்கத்தில, காலமை வாற கள்ளை மணந்து பாத்து எது புளிச்சிட்டுது, எது இனிப்பு எண்டு பிரிக்கிற வேலை. நாலஞ்சு வருசம் அதில போனது. அந்தச் சங்கம் படுத்திட்டுது. அந்த நேரம்தான் ரமணன் தம்பி லண்டனில இருந்து வந்து, மாங்குளத்தில தகப்பன்ர பழைய அரிசி மில்லைத் திருத்திப் பியர் வடிக்கத் தொடங்கினது. மூக்குள்ள ஆக்கள் வேணும் எண்டு கேட்டு வந்தார். நான் போனனான். பழகினது எல்லாம் அங்கை, அம்பலம் சேரிட்டை.

முழுப் பேர் தில்லையம்பலம், நாங்கள் மரியாதைக்குச் சேர் எண்டுவம். யாழ்ப்பாணத்து ஆக்கள், துணுக்காயில குளத்துக் காணி கிடைச்சு வந்து குடியேறின குடும்பம். மலைநாட்டில ஒரு பெரிய பியர்த் தொழிற்சாலையில முடி நரைக்குமட்டும் இருந்திட்டு வந்து வயல் செய்துகொண்டிருந்தவர். ரமணன் தம்பிதான் வரம்பில நிண்ட மனுசனைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒல்லி. நெத்தியில விபூதி மட்டும், சந்தனம் பூசமாட்டார். ஏனெண்டால் சந்தனம் மணக்கும். எங்களுக்கும் அதே சட்டம்தான். சுவை பாக்கிற நாளில தலைக்கு எண்ணெய் இல்லை, பூ இல்லை, பவுடர் இல்லை. காலமைச் சாப்பாடு வெறும் பாண் துண்டு மட்டும். ஒருநாள் என்ர தம்பி கருவாட்டுப் பார்சல் ஒண்டைப் பஸ்ஸில தந்துவிட, அதையும் கொண்டு உள்ள போகப் பாத்தன். சேர் வாசல் கேற்றடியில நிண்டவர். "றெஜினா, நீர் இண்டைக்கு வீட்டை போம், கருவாட்டை மட்டும் விட்டிட்டுப் போம், மனுசி பொரிச்சுத் தருவா" எண்டார். சிரிக்காமல்தான் சொன்னவர். நான் திரும்பி முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினனான்.

அவற்ற முறை இதுதான். நாங்கள் அஞ்சு பேர். அஞ்சு கதிரையும் சுவரைப் பாத்தபடி. ஒராளின்ர முகத்தை மற்ற ஆள் காணக்கூடாது. கிளாசுக்கு மேல ஒரு சின்ன மூடி. மூடியைத் தூக்கின உடன ஒருக்கா மணக்கவேணும், முதல் மணம்தான் உண்மை எண்டுவார். பிறகு ஒரு சுழட்டுச் சுழட்டி மற்றொருக்கா. பிறகு ஒரு வாய். வைன் பாக்கிற ஆக்கள் துப்புவினமாம், பியரைத் துப்பேலாது. அதின்ர கசப்பு அடித்தொண்டையிலதான் தெரியும், விழுங்கத்தான் வேணும். ஒவ்வொராளா எழும்பி வெளியில போய், அவரிட்டை மட்டும் மெல்லமாச் சொல்லவேணும்.

ஒரு சொல்லு அங்கை தடை. "நல்லம்" எண்டு சொல்லக்கூடாது. புதுசில நான் ஒருநாள் சொல்லிப்போட்டன். சேர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "நல்லம் எண்டது மணமில்லை, அது உம்மட புழுகம், உம்மட சந்தோசம். என்ன மணக்குது? இதை முந்தி எங்கை மணந்தனீர்? அதைச் சொல்லும்" எண்டார். மலைநாட்டில ஆக்கள் பாவிச்ச இங்கிலீசுச் சொல்லுகளை அவர் எங்களுக்குத் தரவேயில்லை. நீங்கள் காணாத பழத்தின்ர பேரைச் சொல்லி என்ன வரப்போகுது எண்டு கேட்டார். அதால எங்கட கதையெல்லாம் எங்கட வீட்டுச் சாமானிலதான் நடந்தது. நான் வெயிலில காஞ்ச வலை எண்டுவன். ஒராள் நெல் அவிக்கிற கிடாரம் எண்டும். நனைஞ்ச கடதாசி மட்டை எண்டால் எல்லாருக்கும் பயம், அது காத்துப் பட்டுப் பழுதாப் போன பியரின்ர மணம்.

இனி நான் சொல்லவந்த கதைக்கு வாறன்.

நாங்கள் முதன்முதலாப் பார்லி வைன் வடிச்சு, மில்லின்ர பின் அறையில தட்டுத் தட்டா அடுக்கி, ஏசி போட்டுப் படுக்க விட்டம். அது விளையுமுன்னம் டொலர் இல்லாமல் நாடே கவிண்டிட்டுது. உங்களுக்குத் தெரியும் அந்தக் காலம். கரண்ட் இல்லை, டீசல் இல்லை, எங்கை பாத்தாலும் வரிசை. வெளிநாட்டுப் பார்லி வாறது நிண்டுபோச்சு, அதால மற்றப் பியர் வடிக்கிறதும் நிண்டுபோச்சு. கையில மிஞ்சினது அந்த அறையில நிண்ட போத்தலுகள் மட்டும்தான். ரமணன் தம்பி எங்களைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னவர். இதை வித்தால் கொம்பனி தப்பும். இல்லாட்டி கேற்றைப் பூட்டிப்போட்டுத் தான் லண்டனுக்குப் போறதுதான், எங்களுக்கு வேற வழி பாத்துக் குடுக்கத் தன்னால ஏலாது எண்டவர். அந்தப் பிள்ளையின்ர கண்ணைப் பாக்கேலாமல் இருந்தது.

ஏசி நிண்டால் வன்னி வெயிலில அந்த அறை என்ன ஆகும்? நாங்கள் நனைச்ச சாக்குகளைச் சுவரெல்லாம் தொங்கவிட்டம். விடியப்புறம் கதவைத் திறந்து குளிர்காத்தை விட்டு, வெயில் ஏற முன்னம் அடைச்சம். அம்பலம் சேர் துணுக்காயில இருந்து சைக்கிளில வருவார். வந்த உடன வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்குவார். கொஞ்ச நாளில அவருக்குக் காய்ச்சல். ஆக்கள் எல்லாருக்கும் வந்த அதே காய்ச்சல்தான். படுத்து எழும்பி, இன்னும் மெலிஞ்சு வந்து சேந்தார். அவரைக் கண்ட உடன எங்களுக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது. ஏனெண்டால் ரமணன் தம்பி சொல்லிப்போட்டார், சேர் ஓம் எண்டால் விக்கிறது, இல்லை எண்டால் ஊத்துறது.

போத்தல் திறக்கிற நாள் வந்தது. நாங்கள் போனால், கதிரையள் எல்லாம் சுவரை விட்டு எடுத்து நடுவில ஒரு வட்ட மேசையைச் சுத்திப் போட்டுக் கிடக்குது. இனி முகத்தைப் பாத்துக் கதைச்சு முடிவெடுப்பம், காலம் மாறிப்போச்சு எண்டார் சேர். மற்ற ஆக்களுக்குச் சந்தோசம். சுவரைப் பாத்துப் பாத்து எங்களுக்கும் அலுத்துத்தானே போயிருந்தது.

மூடியைத் தூக்கினன். முதல் கிளாசில பினாட்டு, அதுக்குள்ள ஒரு சொட்டு அத்திப்பழம். எனக்கு மேல் சிலிர்த்தது. ரெண்டாவது கிளாஸ் வேறமாதிரி. இனிப்புக்குப் பின்னால ஏதோ ஒண்டு சப்பெண்டு கிடக்குது. நனைஞ்ச மட்டைதானோ? திரும்பவும் மணந்தன். ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. நிமிந்து சேரைப் பாத்தன். அவர் என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தார். நான் பாத்த உடன மற்ற ஆக்களைப் பாத்தார். ஒருத்தி, பேரீச்சம்பழம் சேர் எண்டாள். சேரும் பேரீச்சம்பழம் எண்டார். மற்றவர் பினாட்டு எண்டார். ஓம், பினாட்டும் இருக்கு எண்டார் சேர். நான் வாய் திறக்க முன்னம் கிளாசை வைச்சிட்டு, "நல்லம்" எண்டு சொன்னார்.

எனக்கு அந்தச் சொல்லுக் கல்லெறி பட்டமாதிரி இருந்தது. வேற ஒருத்தரும் கவனிக்கேல்லை. ரமணன் தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில சாஞ்சு நிண்டு அழுதுபோட்டார், ஆனந்தக் கண்ணீர். இன்னும் ஒருக்கா நாளைக்குப் பாப்பம், அதுக்குப் பிறகு லேபிள் ஒட்டுவம் எண்டு முடிவாச்சு.

மத்தியானம் சாப்பிடக் குந்தினம். சேரின்ர மனுசி குடுத்துவிட்ட சாப்பாடு, சோறும் சாம்பாரும். அவர் மூடியைத் திறக்கவே எனக்கு அங்கால மேசையில மணந்திட்டுது. சாம்பார் நுரைச்சுப் புளிச்சுக் கிடக்குது. கரண்ட் இல்லாமல் பிறிஜ் ஓடாத காலம், அந்த மனுசியும் என்ன செய்யிறது? பால்மா பழசு எண்டு தேத்தண்ணியை மணத்திலயே திருப்பி அனுப்புற மனுசன் குழைச்சுக் குழைச்சுச் சாப்பிட்டார். கடைசியா விரலையும் நக்கினார். மாதாவே! எழும்பிக் கையைக் கழுவிப்போட்டுப் பின்பக்கம் போய் நிண்டு அழுதன்.

அண்டைக்கு இரவு மனுசனுக்குச் சொன்னன். அவர் வழமைபோலப் பகிடி விடுவார் எண்டு பாத்தால், விடேல்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கிறார் உங்கட சேர், எத்தனை நாளைக்கு மறைப்பார், நீ போய்க் கேள், வேற ஆரும் கேக்க முன்னம் நீ கேள் எண்டார். கேக்கிறது லேசோ? சுவையும் மணமும் தெரிஞ்ச மனுசன் எண்டதுதான் அவருக்கு இந்த உலகத்தில உள்ள பேர். அதை நான் கையால பிடுங்கப் போறன். பிடுங்காட்டி, அந்த ரெண்டாவது கிளாசில எனக்குப் பட்டது உண்மையெண்டால், பழுதான போத்தல் வெளியில போய்க் கொம்பனியும் போச்சு.

காலமை முதல் பஸ்ஸில போனன். சேர் பின் அறையில தனிய, சாக்குக்குத் தண்ணி தெளிச்சுக்கொண்டு நிண்டார்.

"சேர், உங்களுக்கு மணக்கிறேல்லையோ?"

வாளியை மெல்ல நிலத்தில வைச்சார்.

"எப்ப கண்டனீர்?"

"நேற்றுச் சாம்பார் புளிச்சுக் கிடந்தது சேர்."

அதுக்கு அவர் சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம். கவிட்டுக் கிடந்த ஒரு பெட்டியில குந்திக்கொண்டு, அந்தக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு சாமியறையில சாம்பிராணி போட்டால் புகை கண்ணில எரியுது, மணம் மட்டும் வாறேல்லை எண்டார். மனுசிக்கும் சொல்லேல்லையாம். நாளைக்கு வரும் நாளைக்கு வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவராம். பிறகு என்னை நிமிந்து பாத்து ஒண்டு கேட்டார். பன்னிரண்டு வயசுப் பிள்ளை கேக்கிறமாதிரிக் கேட்டார்.

"நீர் எனக்குக் காதுக்குள்ள சொல்லும், நான் வெளியில சொல்லுறன். உம்மட மூக்கு, என்ர வாய். ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லைத்தானே றெஜினா?"

ஓம் எண்டு சொல்ல வாய் உன்னினது. உண்மையாச் சொல்லுறன், அந்த மனுசனுக்காக நான் எதையும் செய்திருப்பன். ஆனால் அந்த ரெண்டாவது கிளாஸ் என்ர தொண்டைக்குள்ளயே நிண்டது. எனக்கு அது நிச்சயமாத் தெரியாது. மட்டை எண்டு நினைக்கிறன், ஆனால் நினைப்புத்தான்.

"சேர், நான் பிழையாச் சொன்னால் திருத்துறதுக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் நான் சொல்லுறதையே சொன்னால், அங்கை ஒரு ஆள்தான் இருக்கும், ரெண்டு பேர் இல்லை. எனக்கு நீங்கள் வேணும் சேர், உங்கட பேர் இல்லை."

மூக்கில்லாதவன் என்னத்தைத் திருத்துறது எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு கேட்டார். எனக்குக் கோவம் வந்திட்டுது. நாக்கு எங்கை போச்சு எண்டு கேட்டன். மூக்கைப் பொத்திக்கொண்டு குடியுங்கோ, அப்பதான் எது நாக்கின்ர வேலை எது மூக்கின்ர வேலை எண்டு தெரியும் எண்டு எங்களைப் போட்டு வதைச்சது ஆர்? இனிப்பு, கசப்பு, எரிவு, தடிப்பு, இது நாலுக்கும் மூக்குத் தேவையில்லையெண்டு சொன்னது ஆர்? நான் அவரோடை அப்பிடி ஒருநாளும் சத்தமாக் கதைச்சதில்லை. அவர் கையால, போம் எண்டு காட்டினார். நான் வெளியில வந்திட்டன். முடிஞ்சுது, என்னோடை இனிக் கதைக்கமாட்டார் எண்டுதான் நினைச்சன்.

பத்து மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டார். ரமணன் தம்பியும் வந்து நிண்டார், லேபிள் கட்டு கையில. சேர் எழும்பி நிண்டு, கோயிலில நிக்கிறமாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"எனக்கு மணக்கிறேல்லை. காய்ச்சலோடை போச்சு. நேற்று நான் சொன்ன ஒரு சொல்லையும் கணக்கில எடுக்கவேண்டாம்."

ரமணன் தம்பியின்ர முகம் வெளிறிப்போச்சு. லேபிளை வைச்சிட்டு வெளியில போனார். பாலை மரத்தடியில நிண்டது ஜன்னலால தெரிஞ்சது. திரும்பி வந்தவர் சேருக்குக் கிட்டப் போய், அப்ப முதல்ல இருந்து பாப்பம் சேர், எப்பிடிப் பாக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ எண்டார். அந்தப் பெடியனில எனக்கு மதிப்பு வந்த நாள் அதுதான்.

சேர் உடன வேலையைத் தொடங்கிட்டார். கதிரையளைத் திருப்பிச் சுவரடியில போடச் சொன்னார். போத்தலுகளைக் கலக்காமல், எந்தத் தட்டில இருந்து எடுத்தது எண்டு பிரிச்சு வைக்கச் சொன்னார். நாங்கள் அஞ்சு பேர் மணத்தைச் சொன்னம். அவர் நாக்கால பாத்து, இதில இனிப்பு மெலிஞ்சிருக்கு, இது தண்ணிப்பட்டுக் கிடக்குது எண்டு தான் கண்டதை மட்டும் சொன்னார். மேல்தட்டுப் போத்தல் ஒவ்வொண்டிலயும் அவர் மெலிவு எண்டார், நான் மட்டை எண்டன், ஒருத்தரை ஒருத்தர் கேளாமலே. தகரக் கூரைக்குக் கிட்ட நிண்ட அவ்வளவும் வெயிலில அவிஞ்சுபோச்சு. கீழ்த்தட்டுகளில நிண்டது தப்பியிருந்தது.

மேல்தட்டு முழுக்கத் திறந்து வாய்க்காலில ஊத்தினம். ரமணன் தம்பியும் எங்களோடை நிண்டு ஊத்தினார், தான் எடுத்த ஒரு போத்தலையும் மற்ற ஆள் கையில குடுக்கேல்லை. பக்கத்து வீட்டுக் கோழியள் அதைக் குடிச்சிட்டுத் தள்ளாடினதுதான் அண்டைக்கு எங்களுக்குக் கிடைச்ச ஒரே பகிடி. மிச்சம் வித்தது. கொம்பனி ஒரு காலை இழுத்து இழுத்தெண்டாலும் நடந்தது.

சேர் அதுக்குப் பிறகும் வந்தவர். மூக்குத் திரும்பி வரவேயில்லை. ஆனால் அதைவிட எனக்குக் கவலை வேற ஒண்டு. எல்லாரும் அவரோடை மெத்தெண்டு கதைக்கத் தொடங்கிச்சினம். என்ன மணக்குது எண்டு அவர் கேட்டால், நல்லாயிருக்கு சேர், அருமை சேர் எண்டுவினம். அன்பிலதான் சொன்னவை, குறை சொல்லேல்லை. ஆனால் அந்த வார்த்தையள் ஒவ்வொண்டுக்கும் மனுசன் கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கிக்கொண்டு போனார். பிறகு கேக்கிறதையே விட்டிட்டார்.

அவர் வேலையில இருந்து நிண்ட நாள், மில் முத்தத்தில சின்னப் பிரியாவிடை. ரமணன் தம்பி அந்த முதல் வடிப்பில, கீழ்த்தட்டுப் போத்தல் ஒண்டை அவருக்கெண்டே எடுத்து வைச்சிருந்தார். மனுசியும் பிள்ளையளும் வந்திருந்தவை. போத்தலைத் திறந்து எல்லாருக்கும் ஒவ்வொரு மடக்கு ஊத்தினது. ஆஹா எண்டிச்சினம், இப்பிடி ஒண்டு குடிச்சதேயில்லை எண்டிச்சினம். ரமணன் தம்பி, உங்கட கை பட்டது சேர், இன்னும் பத்து வருசத்துக்கு நிக்கும் எண்டார். சேர் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டு, மாலையோடை, விருந்தாளி மாதிரி இருந்தார். பிறகு கிளாசைக் கையில வைச்சபடி என்ர பக்கம் திரும்பினார்.

"றெஜினா, நீர் சொல்லும்."

நான் திரும்பவும் ஒருக்கா மணந்தன். எனக்குத் தெரிஞ்சது. அடியில கிடந்த ஈஸ்ட் செத்துப் பியருக்குள்ள கரையத் தொடங்கியிருந்தது. எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு நிக்கினம். சேரின்ர மனுசி சிரிச்சபடி நிக்கிறா.

"சோயா சோஸ், சேர். மாங்குளம் சந்தியில கொத்து ரொட்டி போடுற கடைக்குள்ள போனமாதிரி இருக்கு. இது முடிஞ்சுது."

ரமணன் தம்பி என்னை முறைச்சுப் பாத்தார். ஆரோ என்ர சீலையைப் பிடிச்சு இழுத்தினம். சேர் கிளாசை மூக்கடியில கொண்டுபோய், கண்ணை மூடி, முந்தி மணக்கிறமாதிரியே நெடுநேரம் மணந்தார். கண்ணால தண்ணி வழிஞ்சுது. ஆனால் முகம் சிரிச்சுது.

"அப்பாடா," எண்டார். "இப்பதான் பிள்ளை எனக்கு மணந்தது."